லேங்குவேஜ்டூல்: இலக்கணத் திருத்தத் தானியங்கி கட்டுவோருக்கான மதிப்புரை

சமூகப் பதிவுத் தளம் ஒன்றில் வெளியாகும் பதிவுகளை உடனுக்குடன் வாசித்து, அவற்றிலுள்ள இலக்கணப் பிழைகளை எழுதியவருக்குச் சுட்டிக்காட்டும் தானியங்கியை உருவாக்க விரும்புவோர், எல்லாவற்றுக்கும் முன்பாக, பிழையைக் கண்டறியும் பொறியாக எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாக வேண்டும். ஹைவ் என்ற சமூகப் பதிவுத் தளத்துக்காக அத்தகைய தானியங்கியைக் கட்டும் வேலையில், இலக்கணச் சோதனைப் பொறியான லேங்குவேஜ்டூலைப் பயன்படுத்திவருபவன் என்ற முறையில் இம்மதிப்புரையை எழுதுகிறேன். சொந்தக் கட்டுரையைத் திருத்திக்கொள்ள உலாவி நீட்சியாக அது எவ்வளவு பயன்படும் என்பது இங்கே என் அக்கறையன்று. ஒரு நிரலுக்குள் வைத்து, மனிதக் கண்காணிப்பு குறைவாக உள்ள சூழலில், முன்பின் அறியாதவர்களின் எழுத்தின்மீது ஏவும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதையே பார்க்கப்போகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இலவசப் பொறி இன்று இல்லை. அதற்குக் காரணம் அது நிறையப் பிழைகளைக் கண்டுபிடிப்பது அன்று. ஒவ்வொரு பிழையையும் எந்த விதியின்படி கண்டது என்று சொல்லிவிடுவதால், எப்போது பேசாமல் இருப்பது என்று தீர்மானிக்கும் வாய்ப்பை நிரலருக்குத் தருகிறது என்பதே.

டேனியல் நாபர் என்பவர் ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் 2003ஆம் ஆண்டு தம் பட்ட ஆய்வேட்டுக்காக எழுதிய நிரலே இதன் தொடக்கம். முதலில் பைத்தானில் இருந்தது; பிறகு ஜாவாவுக்கு மாறி, ஓப்பன்ஆஃபிஸ் நீட்சியாகப் பலருக்கும் அறிமுகமாகி, இன்று முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளையும் வட்டார வழக்குகளையும் கையாளும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. போட்ஸ்டாம் நகரைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று அதன் வணிகச் சேவையை நடத்திவந்தது. 2023இல் அது அமெரிக்காவின் லெர்னியோ குழுமத்தில் சேர்ந்தது. அடிப்படைப் பொறி மட்டும் தொடர்ந்து எல்ஜிபிஎல் 2.1 உரிமத்தின்கீழ் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. கட்டணப் பதிப்பில் உள்ள கூடுதல் விதிகள் திறந்த மூலத்தில் இல்லை என்பதை வாங்குவோரும் நிறுவுவோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது; இணையதளத்தில் ஒட்டிப் பார்த்தபோது பிடிபட்ட பிழை, சொந்த சர்வரில் பிடிபடாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பொறி இயங்கும் முறை எளிமையானது, அந்த எளிமையில்தான் அதன் பலமும் இருக்கிறது. வந்த உரையை வாக்கியங்களாகவும் பின்னர் சொற்களாகவும் பிரிக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியிலிருந்து வேர்ச்சொல்லையும் சொல்வகையையும் எடுத்து ஒட்டுகிறது. ஒரு சொல் பெயராகவும் வினையாகவும் இருக்கக்கூடுமானால், அக்கம்பக்கச் சொற்களைப் பார்த்து ஒன்றை நீக்க முயல்கிறது. அதன் பிறகு, எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் அமைந்த கோப்பில் எழுதப்பட்ட விதிகளோடு வாக்கியத்தை ஒப்பிடுகிறது. எக்ஸ்எம்எல்லில் எழுத இயலாத சிக்கலான விதிகள் ஜாவாவிலேயே எழுதப்பட்டுள்ளன. ‘திஸ் இஸ் ஏ ஆப்பிள்’ என்ற ஆங்கில வாக்கியத்தை அனுப்பினால், நிரல்கள் எளிதில் படிக்கக்கூடிய ஜேசன் வடிவில் ஒரு விடை வரும். அதில், தவறு எட்டாம் இடத்தில் தொடங்குகிறது (எண்ணிக்கை சுழியத்திலிருந்து), நீளம் ஒன்று, மாற்றாக ‘ஆன்’ என்று எழுதலாம், உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் இப்படி வராது என்ற விளக்கம், இதைக் கண்ட விதியின் அடையாளப் பெயர், அவ்விதி எந்த வகையைச் சேர்ந்தது என்ற குறிப்பு ஆகிய அனைத்தும் தனித்தனிப் புலங்களாக இருக்கும். அந்த விதி எழுத்தைப் பார்த்து ஏமாறுவதில்லை. எழுத்தில் மெய்யாகத் தொடங்கினாலும் ஒலியில் உயிராக இருக்கும் மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும், எழுத்தில் உயிராகத் தொடங்கினாலும் ஒலியில் மெய்யாக இருக்கும் ‘யூனிவர்சிட்டி’க்கும் விலக்குப் பட்டியல்கள் வைத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்த இத்தகைய பட்டியல்களே இந்தப் பொறியின் உண்மையான சொத்து.

நிறுவுவதில் சிரமம் எதுவும் இல்லை. ஜாவா உள்ள எந்தக் கணினியிலும் சர்வர் கோப்பை இறக்கி ஒரே கட்டளையில் இயக்கிவிடலாம். அது 8081 என்ற போர்ட்டில் காத்திருக்கும். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பலரும் முதலில் நாடுவது நிறுவனத்தின் இலவசப் பொது ஏபிஐயை, அதாவது பிற நிரல்கள் நேரடியாகக் கேட்டு விடை பெறும் வாயிலை. அதற்கு ஒரு நிமிடத்துக்கு 20 கோரிக்கைகள், 75 கிலோபைட் உரை, ஒரு கோரிக்கைக்கு 20 கிலோபைட் என்ற வரம்புகள் உண்டு. அதைவிட முக்கியமாக, தானியங்கிக் கோரிக்கைகளை அங்கே அனுப்ப வேண்டாம் என்று அவர்களின் விதிமுறையே கேட்டுக்கொள்கிறது. எனவே தானியங்கி கட்டுவோருக்குச் சொந்த சர்வர் என்பது விருப்பத்தேர்வு அன்று, அதுவே ஒழுங்கான வழி. அத்துடன் ஆங்கிலத்துக்கான என்-கிராம் (சொற்கள் அடுத்தடுத்துச் சேர்ந்து வரும் எண்ணிக்கை) தரவுத் தொகுப்பையும் இறக்கிக்கொள்வதைப் பரிந்துரைப்பேன். கூகுள் புக்ஸ் தரவிலிருந்து எடுக்கப்பட்ட இது சுருக்கிய நிலையிலேயே 8 ஜிபிக்கு மேல் வரும். ‘அங்கே’, ‘அவர்களுடைய’ என்ற பொருள்களில் ‘தேர்’ என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரு ஆங்கிலச் சொற்களில் எது இந்த இடத்தில் வர வாய்ப்பு அதிகம் என்பதை, அடுத்தடுத்து வரும் மூன்று சொற்கள் அச்சில் எவ்வளவு முறை சேர்ந்து வந்துள்ளன என்ற கணக்கைக் கொண்டு பொறி தீர்மானிக்கிறது. வன்தட்டு பழைய சுழலும் வகையாக இருந்தால் வேகம் வெகுவாகக் குறையும். எஸ்எஸ்டி இருக்கும் சர்வரையே எடுக்க வேண்டும்.

இனி, தளத்தின் பக்கம் வருவோம். ஸ்டீம் 2016இல் தொடங்கப்பட்ட பிளாக்செயின், அதாவது பதிவானதைப் பின்னர் அழிக்க இயலாத, பிளாக் என்னும் தொகுதிகளாக வளரும் பொதுப் பதிவேடு; எழுதுவோருக்கும் வாக்களிப்போருக்கும் நாணயமாக வெகுமதி தரும் பதிவுத் தளமான ஸ்டீமிட் அதன்மேல் இயங்கியது. அதிலிருந்து 2020 மார்ச்சில் ஒரு பகுதியினர் பிரிந்து உருவாக்கியதே ஹைவ். இரண்டிலும் மூன்று நொடிக்கு ஒரு பிளாக் வீதம் எல்லாப் பதிவுகளும் பின்னூட்டங்களும் பொதுவெளியில் பதிவாகின்றன. யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்த ஓடையை வாசிக்கலாம் என்பதால் தானியங்கி எழுதுவோருக்கு இதைப் போல வசதியான இடம் வேறில்லை. பதிவுக்கும் பின்னூட்டத்துக்கும் ஒரே வகைச் செயல்பாடுதான் பயன்படுகிறது. மேற்பதிவின் ஆசிரியர் பெயர் காலியாக இருந்தால் அது புதிய பதிவு, இருந்தால் பின்னூட்டம். இது வரை எளிது.

சிக்கல் தொடங்கும் இடம், ஒருவர் தம் பதிவைத் திருத்தும்போதுதான். எழுத்தாளர் ஒரு சொல்லை மட்டும் மாற்றினால், முழு உரையையும் மறுபடி அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் குறிக்கும் ஒட்டு வடிவத்தைத் தளத்தின் முகப்பு நிரல் அனுப்பிவிடும். பிளாக்கை நேரடியாக வாசிக்கும் தானியங்கிக்கு அங்கே கிடைப்பது கட்டுரை அன்று. இரண்டு ‘அட்’ குறிகள், கூட்டல் கழித்தல் எண்கள், இடையில் முறிந்த சில சொற்கள். இதைக் கவனிக்காமல் லேங்குவேஜ்டூலிடம் கொடுத்தால், அரைகுறைச் சொற்களையெல்லாம் பிழை என்று அது வரிசையாகச் சொல்லும். அது அதன் குற்றமன்று. செயல்பாட்டின் உரை அந்தக் குறிகளோடு தொடங்கினால், பதிவின் தற்போதைய முழு வடிவத்தைத் தளத்தின் ஏபிஐயிடமிருந்து புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். இன்னும் நல்லது, புதிய பதிவு வந்தவுடன் பாயாமல் சிறிது நேரம் பொறுத்திருந்து, முழுப் பதிவை ஒரு முறை மட்டும் வாங்கிப் பார்ப்பது. எழுதுபவர் வெளியிட்ட உடனே தம் பிழைகளில் பலவற்றைத் தாமே கண்டு திருத்திக்கொள்வார். அவர் திருத்திவிட்ட பிழையைப் பிறகு வந்து சுட்டுவது யாருக்கும் உதவாது.

முழுப் பதிவு கிடைத்தாலும் அது வெறும் உரையாக இருக்காது. தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றைக் காட்டும் மார்க்டவுன் குறிகள், நடுவில் ஒழுங்கமைக்கும் எச்டிஎம்எல் குறிகள், படங்களின் நீண்ட முகவரிகள், பயனர் பெயர்கள், குறிச்சொற்கள், நிரல் துண்டுகள், பிறர் எழுதியதிலிருந்து மேற்கோள்கள் என்று கலந்து கிடக்கும். இவற்றை வெட்டி எறிந்துவிட்டு அனுப்பினால் பிழையின் இட எண்கள் மூல உரையோடு பொருந்தாமல் போகும்; வெட்டாமல் அனுப்பினால் பொய்ப் பிழைகள் குவியும். லேங்குவேஜ்டூல் இதற்கு வைத்திருக்கும் தீர்வை நான் மிகவும் மதிக்கிறேன். உரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ‘இது எழுத்து’, ‘இது குறியீடு’ என்று ஒவ்வொரு துண்டுக்கும் அடையாளமிட்டு அனுப்பலாம். குறியீட்டுத் துண்டுகளைப் பொறி சோதிக்காது, ஆனால் அவற்றின் நீளத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு மூல உரைக்கு ஏற்ற இட எண்ணையே திருப்பித் தரும். ஒரு குறியீட்டைப் பத்தி முறிவாக எடுத்துக்கொள்ளும்படியும் சொல்லலாம். அப்படிச் சொல்லாவிட்டால் தலைப்பும் அடுத்த பத்தியின் முதல் வாக்கியமும் ஒன்றாகச் சேர்ந்து விசித்திரமான பிழைகளைத் தோற்றுவிக்கும். மேற்கோள் துண்டுகளையும் நான் குறியீடாகவே அனுப்புகிறேன், ஏனெனில் பிறர் செய்த பிழைக்கு மேற்கோள் காட்டியவரைத் திருத்துவது முறையன்று.

இட எண்களைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. ஜாவா உரையை யுடிஎஃப்-16 என்ற குறியாக்கத்தின் அலகுகளில் எண்ணுகிறது. பைத்தான் யுனிகோடு குறிமதிப்புகளாக, அதாவது ஒவ்வொரு குறிக்கும் யுனிகோடு தரும் எண்களாக, எண்ணுகிறது. பெரும்பாலான எழுத்துகளுக்கு இரண்டும் ஒன்றே, ஆனால் ஒரு சிரிப்பு முகக் குறிக்கு ஜாவா இரண்டு என்றும் பைத்தான் ஒன்று என்றும் கணக்கிடும். முன்சொன்ன ஆப்பிள் வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு சிரிப்பு முகத்தையும் இடைவெளியையும் சேர்த்தால், பொறி தவறு 11ஆம் இடத்தில் என்று சொல்லும். பைத்தானில் அந்த எழுத்து 10ஆம் இடத்தில் இருக்கும். கணக்கைச் சரிசெய்யாத நிரல், தவறான ‘ஏ’யை அப்படியே விட்டுவிட்டு, அதற்கடுத்த இடைவெளியை அழித்து, அங்கே ‘ஆன்’ என்பதைச் செருகும். மூன்று சொற்களும் ஒட்டிக்கொண்ட ஒரு விகாரத்தைத் ‘திருத்தம்’ என்று எழுத்தாளருக்குக் காட்டும். சமூகத் தளங்களில் சிரிப்பு முகம் இல்லாத பதிவு அரிது. உரையை யுடிஎஃப்-16 ஆக மாற்றி அந்த அலகுகளில் வெட்டி எடுப்பது சில வரிகளில் முடியும் வேலை. செய்யாமல் விட்டால் தானியங்கியின் மீதான நம்பிக்கை முதல் நாளே போய்விடும்.

இப்போது பொறியின் குறைக்கு வருகிறேன். முன்னிருப்பு நிலையில் எல்லா விதிகளையும் திறந்துவிட்டு ஒரு பதிவைக் கொடுத்தால், வரும் பட்டியலில் பெரும்பகுதி எழுத்துக்கூட்டல் பற்றியதாகவே இருக்கும். லாகோஸ், கராகஸ், ஜகார்த்தா என்று உலகின் பல மூலைகளிலிருந்தும் எழுதுவோர் நிறைந்த தளத்தில், ஊர்ப் பெயர்கள், உணவுப் பெயர்கள், நாணயக் குறியீடுகள், விளையாட்டுப் பெயர்கள் எல்லாம் அகராதியில் இல்லாத சொற்களே. நடை பற்றிய குறிப்புகள் இன்னொரு பெருந்தொகுதி: வாக்கியம் நீளம், ஒரே சொல்லில் மூன்று வாக்கியங்கள் தொடங்குகின்றன, இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம் என்பன போன்றவை. எழுதும் மேசையில் இவை நல்ல அறிவுரைகள். அறிமுகமில்லாதவரின் பதிவுக்குக் கீழே வந்து சொன்னால் வெறும் தொல்லை. விதியின் அடையாளப் பெயரும் வகையும் ஒவ்வொரு விடையிலும் வருவதன் அருமை இங்குதான் தெரிகிறது. குறிப்பிட்ட விதிகளை மட்டும் இயக்கு, மற்ற அனைத்தையும் நிறுத்து என்று கோரிக்கையிலேயே சொல்லும் வசதி இருக்கிறது. நான் எழுத்துக்கூட்டலை முழுவதுமாக நிறுத்திவிட்டு, ஐயத்துக்கு இடமில்லாத சில விதிகளை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்: ‘ஏ’, ‘ஆன்’ மயக்கம், ஒரே சொல் அடுத்தடுத்து இரு முறை வருவது, ‘செய்திருக்கலாம்’ என்பது போன்ற பொருளில் வரும் ‘குட் ஹேவ்’ என்பதற்குப் பதிலாக ‘குட் ஆஃப்’ என்று எழுதுவது, ஒருமை எழுவாய்க்குப் பன்மை வினை வருவது. பிழையை விட்டுவிடுவதால் யாருக்கும் நட்டமில்லை. சரியாக எழுதியவரைத் தவறு என்று சொன்னால், அவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவராக இருக்கும் பட்சத்தில், தானியங்கியை நம்பித் தம் சரியான வாக்கியத்தைக் கெடுத்துக்கொள்ளவும் கூடும்.

‘குட் ஆஃப்’ விதியைச் சற்று அருகில் பார்ப்பது, வெறும் சொல் தேடும் நிரலுக்கும் இந்தப் பொறிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். தேடல் நிரல் ‘குட்’டுக்குப் பின் ‘ஆஃப்’ வந்தால் பிழை என்றே முடிவு செய்யும். ஆனால் ‘யூ குட் ஆஃப் கோர்ஸ் வெய்ட்’ என்று ஒருவர் எழுதினால் அது முற்றிலும் சரியான ஆங்கிலம். ‘ஆஃப் கோர்ஸ்’ என்பது அங்கே தனித் தொடர். லேங்குவேஜ்டூலின் விதிக் கோப்பில் ஒரு தொடரைப் பிழை வடிவமாக எழுதி, அதே விதிக்குள்ளேயே எந்தச் சூழலில் அது பிழையாகாது என்ற எதிர்வடிவத்தையும் எழுதலாம். ஒவ்வொரு விதியோடும் பிழையான எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் சேர்த்தே எழுதுகிறார்கள்; சரியான வாக்கியங்களையும் சேர்க்கலாம்; சோதனையின்போது விதி அவற்றில் தவறினால் உடனே தெரிந்துவிடும். இதே முறையில் நம் தளத்துக்கே உரிய விதிகளைத் தனிக் கோப்பில் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். ஜாவா தெரியாதவரும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடிய அமைப்பு அது. சாட்ஜிபிடி போன்ற ஒரு பெரிய மொழி மாதிரியிடம் உரையைக் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்வது இன்று எளிது, சில சமயம் முடிவு இதைவிட நயமாகவும் இருக்கும். ஆயினும் அது கேட்காத இடங்களையும் மாற்றி எழுதிவிடுகிறது. எந்த விதியின்படி மாற்றியது என்பதை நிரல் சரிபார்க்கக்கூடிய வடிவில் சொல்வதில்லை. ஒரே பதிவை மறுமுறை கொடுத்தால் வேறு விடை வரலாம். பொதுவெளியில் பேசும் தானியங்கிக்கு இம்மூன்றும் பெருங்குறைகள்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும், திருத்தத்தை எங்கே சொல்வது என்ற கேள்வி நிற்கிறது. இந்த வேலையில் நான் அதிக நேரம் சிந்தித்தது இதைப் பற்றியே. ரெடிட்டில் காமன்மிஸ்ஸ்பெல்லிங்பாட் என்ற தானியங்கி, எழுத்துப் பிழை செய்தவர்களுக்கு அழையாமலே பின்னூட்டமிட்டு, நினைவில் வைத்துக்கொள்ள ஒரு குறிப்பும் சொல்லிச் சென்றது. அதைக் கண்டிப்பதற்கென்றே பூசிஎம்பி என்ற இன்னொரு தானியங்கியை வேறொருவர் எழுதும் அளவுக்கு அது வெறுப்பைச் சம்பாதித்தது. புளூஸ்கை தளமோ, பயனர் தானாக அழைத்தால் மட்டுமே தானியங்கி அவரோடு உரையாடலாம், மீறினால் நீக்கப்படலாம் என்று நிரலருக்கான வழிகாட்டியிலேயே எழுதிவைத்திருக்கிறது. வேர்ட்பிரஸின் பின்னணியில் உள்ள ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2009இல் ஆஃப்டர் தி டெட்லைன் என்ற இலக்கணச் சோதனைச் சேவையை வாங்கியபோது, அதை எழுதும் பெட்டிக்குள்தான் வைத்தது. வெளியிடுவதற்கு முன், எழுதுபவர் கண்ணுக்கு மட்டும், அவர் பொத்தானை அழுத்தினால் மட்டும். அந்தச் சேவை பின்னர் நிறுத்தப்பட்டுவிட்டாலும், அந்த இடத்தேர்வு சரியானது என்றே நினைக்கிறேன்.

பிளாக்செயினில் இக்கேள்வி இன்னும் கனமாகிறது. பின்னூட்டத்தை நீக்கும் வசதி உண்டு, ஆனால் அதற்கு மறுமொழியோ ஆதரவு வாக்கோ வந்துவிட்டால் நீக்க இயலாது. நீக்கினாலும் திரையிலிருந்து மறையுமே தவிர, பழைய பிளாக்கில் அந்த எழுத்து என்றென்றும் இருக்கும். ஒருவர் தம் இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியில் தயங்கித் தயங்கி எழுதிய முதல் பதிவின்கீழ், அவருடைய பிழையைச் சுட்டும் வரி அழிக்க முடியாதபடி பதிவாகிவிடுகிறது. அந்தச் சுட்டல் தவறாகவும் இருந்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பேற்பது? ஆகவே தானியங்கியின் பெயரைத் தம் பதிவிலேயே குறிப்பிட்டு அழைப்பவர்களுக்கும், முன்கூட்டியே பதிந்துகொண்டவர்களுக்கும் மட்டுமே திருத்தம் சொல்வது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கும் கூட, பட்டியலாக அடுக்காமல், மிக உறுதியான இரண்டு மூன்றை மட்டும், மூல வாக்கியம், திருத்திய வாக்கியம், காரணம் என்ற வரிசையில், பாராட்டோ கண்டிப்போ இல்லாத மொழியில் சொன்னால் போதும். தனிமையாகச் சொல்ல விரும்பினால் ஹைவில் ஒரு வழி இருக்கிறது: மிகச் சிறிய தொகையை அனுப்பி, அதன் குறிப்பை மறையாக்கம் செய்தால், பெறுபவர் மட்டுமே அதைப் படிக்க முடியும். ஆனால் பணம் அனுப்ப ஆக்டிவ் சாவி வேண்டும். அதைச் சர்வரில் வைப்பது கணக்கிலுள்ள பணத்தையே சர்வரில் வைப்பதற்குச் சமம். பின்னூட்டமிட மட்டும் பயன்படும் போஸ்டிங் சாவியோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு. பின்னூட்டங்களுக்கும் வரம்பு உண்டு: ஒவ்வொன்றும் கணக்குக்குத் தளம் தரும் பயன்பாட்டு அளவான ரிசோர்ஸ் கிரெடிட்டைக் குறைக்கும், அது முழுவதும் மீண்டும் நிறைய ஐந்து நாள் ஆகும். நிறையப் பேச நினைக்கும் தானியங்கிக்குத் தளமே போடும் இந்தக் கடிவாளத்தை நான் வரவேற்கிறேன்.

தமிழ்ப் பதிவுகளுக்கு இது பயன்படுமா என்று வாசகர்கள் கேட்பார்கள். லேங்குவேஜ்டூலில் தமிழுக்கென்று தனித் தொகுதி இருக்கிறது என்பதே மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் ஆயிரக்கணக்கில் விதிகள் இருக்க, தமிழில் இருப்பவை சொற்பம். என்-கிராம் தரவும் தமிழுக்கு இல்லை. தமிழில் சந்தி பார்க்க நீச்சல்காரன் உருவாக்கிய நாவியும், எழுத்துப் பிழைக்கு அவருடைய வாணியுமே பலரும் அறிந்த கருவிகள். தம் எழுத்தைத் தாமே சரிபார்க்க விரும்புவோருக்கு அவற்றையே சொல்வேன். தானியங்கி நோக்கில் பார்த்தால், தமிழின் சிக்கல் இரண்டு. ஒன்று, ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்’ என்பது போல ஒரே சொல்லுக்குள் ஒரு வாக்கியமே அடங்கிவிடுவதால், சொல்லை அகராதியில் தேடி வகை காணும் முறை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு, வல்லினம் மிகுமா மிகாதா என்பது பல இடங்களில் பொருளைப் பொறுத்தது. ‘வேலை தேடினான்’ என்றால் பணியைத் தேடினான். ‘வேலைத் தேடினான்’ என்றால் வேலாயுதத்தைத் தேடினான். இரண்டும் சரியான தமிழ். எழுதியவர் எதை எண்ணினார் என்பதைப் பக்கத்துச் சொல்லை மட்டும் பார்க்கும் விதி அறிய வழியில்லை.

இத்தகைய இடங்களை விட்டுவிட்டு, ஐயமற்ற சந்தி இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்றே வேலையைத் தொடங்கலாம். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின் வல்லினம் மிகும். செய என்னும் வாய்பாட்டு வினையெச்சத்துக்குப் பின்னும் மிகும். ‘அந்த கடையில் வாங்க சொன்னார்’ என்ற வாக்கியத்தில் இரண்டு திருத்தங்களையும் எக்ஸ்எம்எல் விதி ஒன்றிரண்டைக் கொண்டே சொல்லிவிடலாம். அப்போதும் விலக்குகள் வேண்டும். தமிழ் எழுத்தில் ‘ப’ என்பது வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் பொதுவாக இருப்பதால், ‘அந்த பஸ்’, ‘இந்த பேங்க்’ என்று எழுதுபவர்களை விதி பிழையாளராக்கிவிடும். பிறமொழிச் சொற்களுக்கு முன் ஒற்று மிகுவதைப் பற்றி எழுதுவோரிடையே ஒருமித்த வழக்கு இல்லாதபோது, தானியங்கி அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே, அனுப்பும் முன் உரையை யுனிகோடின் ஒரே சீர்வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். சில பழைய விசைப்பலகைகள் ‘சொ’ என்பதை ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு தனிக் குறிகளாகப் பிரித்து உள்ளிடுகின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அகராதிக்கு அது வேறு சொல். பிழையான பகுதியைத் தடித்த எழுத்தில் காட்டும்போதும், ‘கு’ போன்ற எழுத்தை உயிர்மெய்யாக முழுதாக எடுக்காமல் குறிமதிப்பின்படி வெட்டினால், உகரக் குறி தனியே பிய்ந்து நிற்கும்.

இந்த விதிகளையும் விலக்குப் பட்டியலையும் தம் தானியங்கிக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாமல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள லேங்குவேஜ்டூலின் தமிழ்த் தொகுதிக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு அனுப்பிவைக்கும்படி நிரலர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே ஏற்கப்படும் விதி, தானியங்கிக்கு மட்டுமல்லாமல், லேங்குவேஜ்டூல் நீட்சியோடு லிப்ரேஆஃபிஸில் தமிழ் தட்டச்சு செய்யும் ஒவ்வொருவருக்கும், அவர் தம் எழுத்தை யாருக்கும் காட்டுவதற்கு முன்பாகவே, சென்று சேரும்.